ஒரு வார்த்தையும் விடாமல்

கும்மிடிப்பூண்டி
12 ஜனவரி 2025

அன்புள்ள மெஹருக்கு,

நலம். நலமறிய அவா.

உன் காது மந்தமானதில் ஒரே ஒரு நன்மை. ஃபோனில் நான் கத்துவதும் நீ "ஆங், ஆங்" என்பதும் ஒழிந்தது. கான்வென்ட் விடுதியில் இருந்தபோது விடுமுறைக்கு விடுமுறை எழுதிக்கொண்டோமே, அதுபோல மறுபடியும் எழுதிக்கொள்கிறோம். உன் கையெழுத்து மட்டும் இன்னும் சிஸ்டர் பார்த்தால் பிரம்பை எடுக்கிற மாதிரிதான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடி கல்யாண மண்டபத்தைக் கல்கத்தாவிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்கள் தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் உடம்பிலும் மனதிலும் என்ன மாறுகிறது என்று பார்க்கப் போகிறார்களாம். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். தூக்கத்தை அளக்கக் கைக்கடிகாரம் போல ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். எச்சிலைக்கூடச் சின்னக் குப்பியில் வாங்கிக்கொள்கிறார்கள்.

அவர்களுக்குத் தலைவி ஒரு டாக்டர் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் ஒரு சொல் தெரியாது. பெண்கள் என்ன உணர்ந்தார்கள் என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று விசாரித்திருக்கிறாள். போதகர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். கம்பெனி முதலாளியிடம் இருபத்தெட்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள் அல்லவா நான்! அவர் வாயில் வருவது பாதி வசவு. என் மேஜையிலிருந்து போகும்போது அது "வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று போகும். "சுகிர்தாம்மா தொட்டால் சாக்கடைகூடச் சந்தனம்" என்பார். ஜெரால்ட் இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

டாக்டர் எனக்கே பாடம் நடத்தினாள். "அவர்கள் சொல்வதை ஒரு வார்த்தையும் விடாமல் அப்படியே சொல்லுங்கள். அழுதால், ஏன் அழுகிறார் என்று சொல்வதையும் சொல்லுங்கள். தியானம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. சிலருக்குப் பழைய பயங்கள் மேலே வரும், உயிர்மேல் வெறுப்பு வரும். அப்படி யாராவது சொன்னால் அன்றே அவரை நிறுத்தி வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டும்" என்றாள். எனக்குச் சொல்லவும் வேண்டுமா?

நான் எழுத வந்தது இர்ஃபானாவைப் பற்றி. என் மாடி போர்ஷனில் உன் மகள் இருக்கிறாள் என்பது எனக்கு எவ்வளவு துணை என்று உனக்குத் தெரியும். ஆனால் அவளோடு வேலை பார்த்த கல்பனாவின் கை விரல்கள் பிரஸ் மிஷினில் போனதிலிருந்து அவள் சரியாகத் தூங்குவதில்லை. மேலே நடக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. அவளையும் இந்த ஆராய்ச்சியில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். நீ சரி என்றால்தான்.

உன்,
சுகி


பழவேற்காடு
25 ஜனவரி 2025

அன்புள்ள சுகிக்கு,

மெஹர் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறேன். முட்டி வலிக்கிறது. ஏரியில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, இறால் நிறைய வருகிறது, உனக்குத்தான் கொடுத்துவிட ஆள் இல்லை.

உன் கடிதத்தில் ஒரு அடித்தல்கூட இல்லை. இன்னமும் முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் நகல் எடுக்கிறாயா? அங்கே யாரடி உனக்கு மார்க் போடப் போகிறார்கள்?

பெரியவன் அமீருதீன், "கண்ணை மூடி உக்கார்றதெல்லாம் நம்ம மார்க்கத்துல கூடுமாம்மா?" என்று கேட்டான். மூச்சு விடுவது கூடுமென்றால் அதைக் கவனிப்பதும் கூடும் என்று சொல்லிவிட்டேன். சேர்த்துவிடு.

சுகி, எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் விரல்களைத் தன் துப்பட்டாவில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனது இர்ஃபானாதான். அதைப் பற்றி என்னிடம் வாயே திறப்பதில்லை. அண்ணனுக்கு ஃபோன் செய்தால் "நல்லா இருக்கேன்" என்கிறாள். மஸ்கட்டில் இருக்கும் புருஷன் அர்ஷத்திடமும் அதே "நல்லா இருக்கேன்"தான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? விடுதியில் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்களை சிஸ்டர் படித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுவார். காய்ச்சலில் கிடந்தபோது, "அத்தா, வந்து கூட்டிப் போங்கள்" என்று எழுதினேன். சிஸ்டர் கிழித்துப் போட்டார். "நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று எழுத வைத்தார். எனக்கு இங்கிலீஷ் வராமல், நீதான் வார்த்தை எடுத்துக் கொடுத்தாய். அத்தா அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி வைத்திருந்தார்!

என் மகளும் அப்படித்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். அவள் டாக்டரிடம் என்ன சொல்கிறாளோ அதை எனக்கு எழுது. அது போதும்.

உன்,
மெஹர்


கும்மிடிப்பூண்டி
23 பிப்ரவரி 2025

அன்புள்ள மெஹருக்கு,

நலம். நலமறிய அவா.

மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பெண்கள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்படியே வந்து பாயில் உட்காருகிறார்கள். நானும் அவர்களோடு உட்காருகிறேன், நாற்காலியில்தான். முதுகு வளையாமல் உட்காருவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று டாக்டரே சொன்னாள். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, இதில் என்ன கஷ்டம்? நடுவில் யாருக்குக் குறட்டை, யார் கண்ணைத் திறந்து ஃபோன் பார்க்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

முதல் சுற்றுப் பேட்டி முடிந்தது. ஜோதிலட்சுமி என்று ஒருத்தி, டயர் கம்பெனி, வாய்க்குப் பூட்டே கிடையாது. எப்படி இருந்தது என்று கேட்டால், "இன்னாத்த சொல்றது மேடம்? நைட் ஷிப்ட்டு முடிச்சிட்டு வந்து கண்ண மூடினா தூக்கந்தான் வரும், சாமியா வரும்?" என்கிறாள். மண்டபமே சிரித்தது. நான், "ஆழ்ந்த தளர்வை உணர்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் அதை மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரு குழு நடக்கிறதாம். கும்மிடிப்பூண்டிதான் நன்றாக வருகிறது, அதற்கு நான்தான் காரணம் என்றாள். எனக்கு இந்த வயதில் புகழ் எதற்கு? ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் ஜெரால்ட் படத்திடம் சொன்னேன்.

இர்ஃபானா ஒழுங்காக வருகிறாள். பேட்டியில் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு நிறையப் பேசிவிட்டாள். நான் சுருக்கமாகச் சொன்னேன். மொத்தத்தில் அமைதி கிடைப்பதாகச் சொல்கிறாள். ஒரு விஷயம், நீ அவள் பேச்சைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டாவது வரை படித்த பெண், "கீது", "பூட்டா" என்று பேசுகிறாள். நாலு பேர் எதிரில் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

உங்கள் நோன்பும் எங்கள் லெந்து காலமும் இந்த வருஷம் சேர்ந்தே வருகின்றன. இருவரும் ஒன்றாகப் பட்டினி கிடப்போம்.

உன்,
சுகி


பழவேற்காடு
9 மார்ச் 2025

அன்புள்ள சுகிக்கு,

வெள்ளிக்கிழமை இர்ஃபானா வந்துவிட்டுப் போனாள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை. கையைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி போய்க் கழுவினாள். "இன்னாம்மா பாக்குற?" என்றாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் மெலிந்திருக்கிறாள். அமைதி கிடைத்தவள் முகம் இப்படி இருக்குமா?

சுகி, நிறைய பேசினாள் என்று எழுதியிருந்தாயே, என்ன பேசினாள்? சுருக்க வேண்டாம். எனக்கு நேரம் இருக்கிறது, கண்ணும் தெரிகிறது. அவள் சொன்னதை அப்படியே எழுது.

மெஹர்


கும்மிடிப்பூண்டி
18 மார்ச் 2025

அன்புள்ள மெஹருக்கு,

நலம். நலமறிய அவா.

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். நோன்பு நாளில் பிரஸ் மிஷினில் நின்று வேலை பார்ப்பவள் மெலியாமல் என்ன செய்வாள்? கை கழுவுவது கிரீஸ் போகத்தான்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறாய். முதலில் மனம் அலைபாய்ந்தது, மிஷின் சத்தம் ஞாபகத்துக்கு வந்தது, இப்போது பழகிவிட்டது, அமைதியாக இருக்கிறது. இவ்வளவுதான். இரண்டாம் சுற்றுப் பேட்டியிலும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாள்.

உன்னிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வேலைக்குப் போகும்போது கீழே வந்து, "ஆன்ட்டி, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். இப்போது சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கென்று செய்த கேசரியைப் படியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். எறும்பு மொய்த்துக் கிடந்தது. நான் என்ன தவறு செய்தேன் என்று தெரியவில்லை. அவளுக்கு என்னைப் போல் யார் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள்?

பெருநாளுக்கு வரும்போது அவளிடம் நீயே கேள்.

உன்,
சுகி


பழவேற்காடு
4 ஏப்ரல் 2025

சுகிர்தாவுக்கு,

பெருநாள் அன்று காலை பிரியாணிக்கு அரிசி ஊறப்போட்டிருந்தேன். வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மோகன்ராஜ் என்று ஒரு பையன். உங்கள் ஊர் ஸ்டாண்டில் ஓட்டுகிறவன். இர்ஃபானாவைக் கையைப் பிடித்து இறக்கினான். ஒரு காலில் செருப்பில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வந்தவள் ரயில்வே கேட் தாண்டித் தண்டவாளத்தின் மேல் நின்றிருக்கிறாள். கேட் போட்டிருந்தது. இவன் ஆட்டோவை விட்டு இறங்கி ஓடி இழுத்திருக்கிறான். அந்தப் பையன் சொன்னதை அமீருதீன் எனக்கு எழுதிக் காட்டினான்: "நான் சுகிர்தாம்மா ஊட்டாண்ட உடறேன்னு சொன்னேன் பாய். அந்தம்மா என் காலப் புடிச்சிக்கினு, 'அந்த ஊட்டுக்கு வேணாண்ணா, எங்கம்மாகிட்ட உட்டுடு'ன்னு அழுவுறாங்கோ. எனக்கே பேஜாராயிருச்சு."

சுகிர்தா, நாற்பது வருஷமாக என் பிள்ளைகளுக்கு உன் வீடு என் வீடு. அந்த வீடு வேண்டாமென்று ஆட்டோக்காரன் காலைப் பிடித்திருக்கிறாள்.

மூன்று நாள் கழித்து என்னிடம் பேசினாள். காதில் வாயை வைத்துக் கத்திச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும், கேட்கட்டும். "ஆன்ட்டிகிட்ட எல்லாத்தையும் சொன்னேம்மா. ரெண்டு வாட்டி சொன்னேன். அவங்க டாக்டராண்ட 'பீஸ்ஃபுல்'னு சொன்னாங்க. எனக்கு இங்கிலீஷ் புரியாதுன்னு நெனச்சிக்கினாங்க போல. நான் அழுதுகினு இருக்கேன், அந்த டாக்டர் என்னப் பாத்து சிரிச்சிச்சு. அப்பதான் தெரிஞ்சிச்சு, நான் இன்னா சொன்னாலும் வெளிய போவாதுன்னு."

அவளை நிறுத்தியிருக்க வேண்டும், வைத்தியத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு அந்த விதியைச் சொன்னதே நீதான். முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். என் மகள் கிழிந்துபோய்ப் பேசியதை நீ கிழித்துப் போட்டுவிட்டு, நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். அன்றைக்கு எனக்குச் செய்தது போல. அன்று நீ சின்னப் பெண். சிஸ்டர் தலைக்கு மேல் நின்றார். இப்போது யார் நின்றார்கள்?

மெஹர்னிசா


கும்மிடிப்பூண்டி
8 ஏப்ரல் 2025

மெஹர்னிசாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இர்ஃபானா உயிரோடு இருப்பதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெருநாளுக்குச் சொல்லாமல் போய்விட்டாளே என்று நான் இங்கே மனத்தாங்கலோடு இருந்தேன்.

ஆனால் நீ எழுதியிருப்பது நியாயமில்லை. அந்த மண்டபத்தில் மறைப்பு கிடையாது. ஒருத்தி பேசினால் பாயில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். அர்ஷத்தின் தம்பி அதே கம்பெனி ஸ்டோரில் இருக்கிறான். இந்தப் பெண் சொன்னதை நான் அப்படியே எடுத்துச் சொல்லி, டாக்டர் எழுந்து வந்து, அவளைத் தனியாகக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தால், மறுநாள் அவளுக்கு வேலை இருக்குமா? மஸ்கட்டுக்குச் செய்தி போக எத்தனை நேரம் ஆகும்? பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். உன் குடும்பத்து மானத்தைத்தான் நான் காப்பாற்றினேன்.

இப்படி ஆகுமென்று எனக்கு எப்படித் தெரியும்? நான் டாக்டர் இல்லை. நல்லதை நினைத்துச் செய்தேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை, ஆனால் இப்படிப்பட்ட வார்த்தைகளையும் எதிர்பார்க்கவில்லை.

மாடி போர்ஷனில் அவள் சாமான்கள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன.

இப்படிக்கு,
சுகிர்தா ஜெரால்ட்


கும்மிடிப்பூண்டி
27 ஏப்ரல் 2025

மெஹர்,

நீ பதில் எழுதவில்லை. எழுத மாட்டாய் என்று தெரியும். போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறக்கும் தபால்காரருக்காகக் காத்திருந்து திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட நின்றேன். ஸ்டாண்டில் மோகன்ராஜ் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஆட்டோ கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

குடும்ப மானம், கம்பெனி வேலை, இதெல்லாம் உனக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. அந்த மண்டபத்தில் எனக்குத் தோன்றியது வேறு. அப்போதுதான் டாக்டர் எங்கள் குழுவைப் புகழ்ந்து முடித்திருந்தாள். இவள் என் வீட்டுப் பெண் என்று நான் அறிமுகப்படுத்தியிருந்தேன். மூக்கு ஒழுக, கையை உதறி உதறி, அந்தப் பேச்சில் அவள் அழுதது எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். டாக்டர், "ஏன் அழுகிறார்?" என்று கேட்டாள். "ஆறுதலால்" என்றேன். யோசிக்கவே இல்லை. என் வாய் அப்படிப் பழகியிருந்தது. அசிங்கமாக எது வந்தாலும் வழித்துப் போட்டுவிடும்.

ஈஸ்டர் முடிந்ததும் கடைசி அமர்வு இருந்தது. போனேன். எல்லோரும் பாயில் உட்கார்ந்த பிறகு எழுந்து நின்று, நான் மாற்றிச் சொன்னதையெல்லாம் டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னேன், பிறகு அதையே பெண்களிடம் தமிழில் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அவர் இப்போது எங்கே இருக்கிறார்? பத்திரமாக இருக்கிறாரா?" என்றாள். இருக்கிறாள் என்றேன். பிறகு, "மற்றவர்கள் சொன்னதில் எது அவர்கள் சொன்னது?" என்று கேட்டாள். ஒன்றுகூட அப்படியே இல்லை என்றேன். கும்மிடிப்பூண்டிப் பேட்டிகள் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள முடியாதாம். "தியானத்தில் கெடுதல் வருகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களிடம் வந்தேன். கெடுதல் வந்தது, எனக்குத் தெரியாமல் போனது" என்று மட்டும் சொன்னாள். பொன்னேரியிலிருந்து ஒரு நர்ஸ் பெண்ணை வரவழைத்து முதலிலிருந்து கேட்கப் போகிறார்கள்.

ஜோதிலட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப நான் தூங்கினதுகூட கணக்குல வரலியா மேடம்?" இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவள் சிரிக்காமல் கேட்டாள். "இன்னா மேடம், நாங்க பேசுறது உங்களுக்கு அவ்ளோ கேவலமாவா இருந்துச்சு?"

மெஹர், எனக்கு இங்கிலீஷும் தெரியும், தமிழும் தெரியும். அவளுக்குச் சொல்ல இரண்டிலும் ஒன்றும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது தெருக்கோடிப் பக்கம் போவதில்லை. சர்ச்சுக்குச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

நீ மார்ச் மாதம் ஒன்று கேட்டாய். அவள் என்ன சொன்னாள், அப்படியே எழுது என்றாய். அப்போதே எழுதியிருந்தால் அன்றைக்கே நீ அமீருதீனை அனுப்பியிருப்பாய். காலம் கடந்துவிட்டது, ஆனாலும் அது உனக்குச் சேர வேண்டியது. ஸ்டெனோவுக்குக் கேட்டது மறக்காது. இதுதான் அவள் சொன்னது:

"ஆன்ட்டி, அவங்களாண்ட சொல்லுங்க. கண்ண மூடினா மூச்சு வரல ஆன்ட்டி, மிசினுதான் வருது. டம்மு டம்முன்னு. கல்பனா கத்துறா. அவ வெரலு என் துப்பட்டாவுல சூடா இருந்துச்சு ஆன்ட்டி. பஸ்ஸுல போறப்ப மடியில வச்சிக்கினு போனேன். அந்த சூடு இன்னும் கைல கீது. எத்தினி வாட்டி கழுவினாலும் போவல. முன்னல்லாம் தூங்கும்போதுதான் வரும். இங்க வந்து உக்கார ஆரம்பிச்சப்பறம் நாள் பூரா வருது. வர்றத பாத்துக்கினே இருன்னு இவங்க சொல்றாங்க. என்னால பாக்க முடில. கேட்டாண்ட நிக்கும்போது ரயிலு வர்ற சத்தம் கேட்டா நல்லா கீது. அதுக்குள்ள பூட்டா இது நின்னுடும்னு தோணுது. எனக்குப் பயமா கீது ஆன்ட்டி. இன்னா பண்றதுன்னு கேட்டு சொல்லுங்க."

எதையும் திருத்தவில்லை. கடைசியில் கேட்டாளே, என்ன செய்வது என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று. அதை நான் கேட்கவே இல்லை.

சுகிர்தா


பழவேற்காடு
15 மே 2025

சுகிர்தாவுக்கு,

உன் கடிதத்தை இர்ஃபானாவிடம் கொடுத்தேன். கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அவள் சொன்ன பகுதியை மட்டும் படித்தாள். "ம்... இதான் நான் சொன்னது" என்றாள். பிறகு கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வாராவாரம் ஒரு அம்மா அவளோடு உட்கார்ந்து பேசுகிறார். இப்போது தூங்குகிறாள். கண்ணை மூடி உட்கார வேண்டாம், கையால் ஏதாவது செய் என்றாராம் அந்த அம்மா. மத்தியானத்தில் என்னோடு உட்கார்ந்து இறால் உரிக்கிறாள். போன வாரம் கல்பனா வந்து போனாள். இருவரும் படகுத் துறைப் பக்கம் போய்விட்டு வந்தார்கள். அர்ஷத்திடம் அவளே சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் லீவில் வருகிறான். நீ பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

சாமான்களை எடுக்க அமீருதீன் வருவான். நீ இங்கே வர வேண்டாம். கொஞ்ச நாள் வேண்டாம். உன் குரலை அவள் கேட்கக் கூடாது.

உன்னை மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. அதைக் கவனித்தேன். மன்னிப்பதா என்று தொழுகையில் தினமும் கேட்கிறேன், எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதிலிருந்து இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் வரி "நலம்." ஜெரால்ட் மாரடைப்பில் கிடந்த வாரம் எழுதியதிலும் "நலம்." அவர் இறந்த மாதத்திலும் "நலம்." சிஸ்டர் செத்து எத்தனை வருஷமாகிறது? அவர் படித்துப் பார்ப்பார் என்றா இன்னும் எழுதுகிறாய்? என் மகள் பேச்சை மட்டுமா நீ கிழித்துப் போட்டாய்?

போன கடிதத்தில் அந்த வரி இல்லை. அதற்காகத்தான் இந்தப் பதில்.

மெஹர்


கும்மிடிப்பூண்டி
22 மே 2025

மெஹர்,

நான் நலமாக இல்லை.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடத்தான் கை போனது.

அமீருதீன் வந்து சாமான்களை எடுத்துப் போனான். "வரேன் ஆன்ட்டி" என்று சொன்னான். நல்ல பிள்ளை. கதவைச் சாத்திவிட்டு மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. இருட்டிய பிறகு கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன்.

மண்டபத்தில் உட்காரும் நேரம் வந்தால் உடம்பு தானாக நாற்காலிக்குப் போகிறது. கண்ணை மூடுகிறேன். இப்போது மூச்சு வருவதில்லை எனக்கும். என் குரல் வருகிறது. நல்ல உச்சரிப்பு. சிஸ்டர் கேட்டால் பாராட்டுவார். "பீஸ்ஃபுல்" என்கிறது. அவள் முகம் என்னைத்தான் பார்க்கிறது, டாக்டரை இல்லை. என்னைத்தான் நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணைத் திறந்துவிடுகிறேன். மறுபடி மூடுகிறேன்.

வெட்கமாக இருக்கிறது மெஹர். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, தெருவில் யாராவது "மேடம்" என்று கூப்பிட்டால். ஜெரால்ட் படத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். அவர் இறந்த மாதம் ராத்திரியெல்லாம் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு "நலம்" என்று எழுதினேன்.

கேட்க மாட்டேன் என்று இருந்தேன். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் என்னை ஏதாவது திட்டினால், நீ அதைச் சுருக்காமல் எழுது.

மேலே நாலு இடத்தில் அடித்திருக்கிறேன். ஒரு இடத்தில் மை கொட்டிவிட்டது. நகல் எடுக்கவில்லை. இப்படியே அனுப்புகிறேன்.

சுகி